விற்ற வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

"நீங்க எங்கேயும் போக வேண்டாம்ணே, வீடு எம்பேர்ல இருக்கும், அவ்வளவுதான். வழக்கம்போல இருங்க, மாசம் ஒரு வாடகையைக் குடுங்க, கையில காசு வந்ததும் நானே திருப்பி எழுதிக் குடுத்துர்றேன்."

காரைக்குடிப் பக்கம் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். நாலு பக்கமும் கடன்காரர்கள் நிற்கும்போது இதைக் கேட்டால், பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்றுதான் தோன்றும். என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைக்காக வாங்கிய கடனை அடைக்க, கழனிவாசல் பக்கம் தானே கட்டிய வீட்டைச் சுத்தக் கிரயமாக எழுதிக் கொடுத்தார். மறுநாளே அதே வீட்டுக்கு 11 மாத வாடகை ஒப்பந்தம். மூன்று வருடத்தில் வீட்டைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. பதினாலாவது மாதம், யாரென்றே தெரியாத ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கி, "வீட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போறோம், நாங்கதான் வாங்கியிருக்கோம்" என்றார். சித்தி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் வக்கீல் இல்லை. அதற்கப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் எதையெதைக் கேட்பது என்றாவது இதிலிருந்து தெரியும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டு காகிதம். ஒன்று கிரயப் பத்திரம்: பதிவானது, வில்லங்கச் சான்றில் ஏறுவது, உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் நிற்பது. இன்னொன்று வாடகை ஒப்பந்தம்: முத்திரைத்தாளில் அடித்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் கிடப்பது. வீட்டைக் கொடுக்கிற காகிதம் கல்வெட்டு, வீட்டில் இருக்கிற காகிதம் 11 மாதத்தில் காலாவதி. இந்த ஏற்பாட்டில் வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எடை வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன, ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது காகிதத்தைக் கனமாக்குகிற வேலைதான்.

அது ஏன் 11 மாதம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்கிறது, பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க எல்லோரும் 11-இல் நிறுத்துகிறார்கள். சாதாரண வாடகைக்காரருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை, வேறு வீடு பார்த்துக்கொள்வார். உங்கள் கதை அப்படியில்லை. "அஞ்சு வருஷம் இருந்துக்கங்க" என்று வெறும் தாளில் எழுதி வாங்கினாலும் பதிவாகவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது மாதா மாதம் ஓடுகிற வாடகை மாதிரிதான், சொத்துரிமை மாற்றச் சட்டப்படி அதை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். (வாடகைச் சட்டம் பொருந்தும் ஊர்களில் வெளியேற்றுவதற்குத் தனி வழிமுறை இருக்கிறது, அது பின்னால் வருகிறது.)

சரி, கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவசரத்தில் யாரும் இதைப் போடுவதில்லை. வீடு 60 லட்சம் போகும் என்று வையுங்கள். "நீங்களே உள்ள இருக்கப் போறீங்க, எனக்கு உடனே கைக்கு வராது" என்று சொல்லி 42 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். கடன் 25 லட்சத்தை அடைத்தால் கையில் 17 லட்சம். வாடகை 18,000. வருடத்துக்கு 2,16,000. அந்த 17 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் முதல் வருடம் வருவது 1,19,000, வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதியை முதலிலிருந்துதான் எடுப்பீர்கள், எடுக்க எடுக்க வட்டி குறையும், வாடகையோ வருடம் ஐந்து சதவீதம் ஏறும். வட்டியே வராமல் அந்தப் பணத்திலிருந்தே வாடகை கட்டினால் ஏழு வருடம்கூடத் தாங்காது. இன்னொன்றையும் பாருங்கள்: விலையில் விட்டுக்கொடுத்த 18 லட்சம் என்பது 100 மாத வாடகை. எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டு, அப்புறம் மாதா மாதம் வேறு கட்டுகிறீர்கள். இதை நான் சித்தப்பாவிடம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. விற்ற பிறகுதான் காட்டினேன், அது என் தப்பு.

திரும்ப வாங்கும் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதே 42 லட்சத்துக்கே அவர் திருப்பி எழுதிக் கொடுத்தாலும் 3,78,000 ரூபாயை நீங்கள் அரசாங்கத்துக்குக் கட்டினால்தான் உங்கள் வீடு உங்கள் பேருக்கு வரும். அந்த நேரத்தில் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை) அதைவிடக் கூடியிருந்தால் அந்த மதிப்புக்குத்தான் தீர்வை.

"திருப்பித் தர்றேன்" என்ற வார்த்தை

நம் ஊரில் இதற்கு நம்பிக்கைக் கிரயம் என்று ஒரு பெயர் உண்டு. கடன் கொடுப்பவர் அடமானம் எழுதாமல் கிரயமே எழுதி வாங்கிக்கொள்வார், மாதா மாதம் வட்டியை வாடகை என்ற பெயரில் வாங்குவார். நம்பிக்கை என்கிற சொல் பத்திரத்தில் எங்கேயும் இருக்காது. பத்திரத்தில் இருப்பதெல்லாம் "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பது மட்டும்தான். எழுதிப் பதிவான பத்திரத்தின் வாசகத்தை, வாயால் பேசியதைச் சொல்லி மாற்றக் கோர்ட் பொதுவாக அனுமதிக்காது.

1882 சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சொத்தைத் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் "இது உண்மையில் விற்பனை இல்லை, அடமானம்" என்று வாதாடவே முடியும். தனித்தாளில் மறுகிரய ஒப்பந்தம் என்று எழுதி வாங்கினால், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அந்த வாதம் போய்விடும். வித்தியாசம் சின்னதில்லை. அடமானம் என்று ஆகிவிட்டால் மீட்கும் உரிமைக்குச் சட்டம் 30 வருட அவகாசம் தருகிறது. மறுகிரய ஒப்பந்தம் என்றால் அதில் எழுதிய தேதிக்குள் பணத்தோடு போய் நிற்க வேண்டும், அந்தத் தேதி தவறினால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஆகவே "எல்லாத்தையும் ஒரே பத்திரத்துலயே எழுதிருவோம்ணே" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் முகம் மாறிவிடும். "எதுக்கு வீணா, நம்பிக்கை இல்லையா" என்பார்கள். அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவது நல்லது. தன் நம்பிக்கையை மட்டும் பதிவு செய்துகொண்டு உங்கள் நம்பிக்கையை வாயோடு விட்டுவிடச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

இன்னொரு பொறி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அவரை வீட்டுச் சொந்தக்காரர் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். குடியிருக்க விட்டவரின் பாத்தியத்தை வாடகைக்காரர் மறுக்கக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய விதி. பின்னால் "இது கடன்தான்" என்று வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது உங்கள் கையெழுத்துள்ள அந்த வாடகைத் தாளைத்தான்.

வளவு வீடு என்றால் இன்னும் சிக்கல்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகள் இருக்கிறதே, அங்கே "வீட்டை விற்கிறேன்" என்று ஒரு ஆள் சொல்வதே பாதிப் பொய். முகப்பும் வளவும் (நடு முற்றம்) இரண்டாம் கட்டும் எல்லோருக்கும் பொது, வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி). பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. இப்படிப் பிரிக்காத வீட்டில் தன் பங்கை மட்டும் ஒருவர் வெளியாளுக்கு விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வாங்கியவருக்கு அந்தக் குடும்ப வீட்டுக்குள் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது, பாகம் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி மற்றப் பங்காளிகள் கோர்ட் சொல்லும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதாவது உங்களுக்கு வாடகைக்கு விட்டவரே உள்ளே நுழைய முடியாதவர்! இந்தச் சிக்கல் தெரிந்த ஆள் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார், தெரியாமல் நல்ல விலை கொடுத்தவர் தெரிந்த அன்றைக்கு உங்கள் மேல் பாய்வார்.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தை மறக்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு என்று 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கல்யாணம் செய்து கொடுத்தாச்சே, சீர் எல்லாம் செய்தாச்சே என்ற பேச்சு பத்திரத்துக்குச் செல்லாது.

பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து முறையாகவே வீட்டை விற்றார்கள், ஆச்சி மட்டும் இருக்கும்வரை இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருப்பதாக ஏற்பாடு. வாங்கியவருக்கு மண்ணைவிட மரத்தில்தான் கண். ஆறு மாதத்தில் முகப்புத் தூண்கள் போயின, பர்மாத் தேக்கு. அப்புறம் நிலைக்கதவு, அப்புறம் ஆத்தங்குடிக் கல்லைக்கூடப் பெயர்க்க ஆள் வந்தது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட தூணும் கதவும் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றும் யார் வீட்டிலாவது இருந்ததுதானே. ஆச்சி வாடகையைச் சரியாகக் கொடுத்துக்கொண்டு, கூரை பிரித்த வீட்டில் ஐப்பசி மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தில் "குடியிருக்கலாம்" என்று இருந்தது, "இடிக்கக் கூடாது" என்று இல்லை.

ஆகவே இந்த மாதிரி வீடுகளுக்கு நிலம், கட்டடம் தவிர மரச்சாமான், தூண், கதவு, கண்ணாடி, பாத்திரம் எதெது விற்பனையில் சேர்த்தி, எதெது இல்லை என்று புகைப்படத்தோடு ஒரு பட்டியல் போட்டுப் பத்திரத்தோடு இணையுங்கள். வழிகாட்டி மதிப்புக் கணக்கில் தேக்குக்கு என்ன மதிப்பு வந்துவிடும்? தெரிந்த ஆசாரியை வைத்துத் தனியாக மதிப்புப் போடுங்கள். குடியிருக்கும் காலம் வரை எதையும் பெயர்க்கவோ இடிக்கவோ கூடாது என்று ஒரு வரி. படைப்புக்கு (குடும்பமாகக் கூடி முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) வளவைப் பயன்படுத்தும் உரிமை வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள், வருடத்தில் இத்தனை நாள், பங்காளிகள் எல்லோரும் வரலாம் என்று வெளிப்படையாக. முதல் வருடம் "தாராளமா வாங்க" என்றவர் மூன்றாவது வருடம் சாவி வெளியூரில் இருக்கிறது என்பார்.

அப்படியும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால்

விற்பனைப் பத்திரத்திலேயே ஆயுட்கால அனுபவ உரிமையை ஒதுக்கிக்கொண்டு விற்கலாம். வீட்டுப் பாத்தியம் அவருக்கு, நானும் என் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கும் உரிமை எங்களுக்கு என்று. விலை குறையும், ஆனால் எதற்காகக் குறைகிறது என்று உங்களுக்குத் தெரியும், அது வில்லங்கச் சான்றிலும் தெரியும், அடுத்து வாங்குபவரையும் கட்டும். என்னைக் கேட்டால் வயதானவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சித்தப்பாவிடம் அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால்!

அது ஒத்துவரவில்லை என்றால் குத்தகையைக் குறைந்தது ஐந்து வருடத்துக்கு, கிரயம் பதிவாகும் அதே நாளில், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்கு உங்கள் கையில் பேரம் பேச ஒன்றும் இருக்காது. செலவு கிரயச் செலவைப் பார்க்கும்போது சில்லறைதான். பதிவான குத்தகை இருந்தால் அவர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் புதியவர் அந்தக் குத்தகைக்குக் கட்டுப்பட்டுத்தான் வருவார். வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம், தன் உபயோகத்துக்கென்றோ இடித்துக் கட்டவென்றோ நடுவில் கேட்க மாட்டேன், வேறு ஆளுக்கு விற்கும் முன் முதலில் உங்களிடம் கேட்பேன், இந்த மூன்றும் அதற்குள் இருக்கட்டும். கூரை, சுவர், வெள்ளையடிப்பு யார் பொறுப்பு என்பதும்தான், இத்தனை வருடம் நீங்களே ஓடு மாற்றிய வீடு என்பதால் கை தன்னால் பர்சுக்குப் போகும்.

வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குகிறாரா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். வீடு வங்கிக்கு அடமானம், அவர் தவணை கட்டாவிட்டால் ஏலத்துக்கு வருவது நீங்கள் படுத்திருக்கும் வீடு, அன்றைக்குப் பதிவாகாத வாடகைத் தாளை வைத்துக்கொண்டு வங்கியோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது, பழைய 1960 சட்டம் போய்விட்டது. பழைய காலத்தில் வாடகைக்காரரைக் கிளப்ப முடியாது என்பார்களே, அந்தத் தைரியத்தில் இருக்காதீர்கள். இப்போது எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், ஒப்பந்தம் போடாததே வெளியேற்ற ஒரு காரணமாகிவிடும். உங்களுக்குச் சாதகமானதும் அதில் உண்டு: வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. கிராம ஊராட்சிப் பகுதி என்றால் இந்தச் சட்டம் உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே வரட்டும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் விழலாம். மூலதன லாப வரியை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், விற்ற பணத்தை எல்லாம் கடனுக்குக் கொடுத்துவிட்டு வரிக்கு மறுபடி கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பொது அதிகாரப் பத்திரம், எழுதாத முத்திரைத்தாள், வெற்றுக் காசோலை இவற்றில் கையெழுத்துக் கேட்டால் பேச்சே வேண்டாம்.

இங்கிலாந்தில் இதே வியாபாரம் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. விற்றவர்கள் தெருவுக்கு வந்த கதைகள் பெருகிய பிறகு 2009-இல் அரசு அமைப்பு அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது, பிறகு யோசிக்க 14 நாள் அவகாசம், குறைந்தது ஐந்து வருட வாடகை உத்தரவாதம் என்றெல்லாம் விதி வந்தது. இங்கே அந்த 14 நாளை உங்களுக்கு யாரும் தரப்போவதில்லை, நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வரைவுப் பத்திரத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் வைத்திருங்கள். "இன்னைக்கு நாள் நல்லா இருக்கு" என்று அவசரப்படுத்தினால், அடுத்த மாதமும் முகூர்த்தம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் வேறு வழி பாருங்கள். உங்கள் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, வயது 60 தாண்டியது என்றால் வங்கிகளில் தலைகீழ் அடமானக் கடன் இருக்கிறது. வீடு உங்கள் பேரிலேயே இருக்கும், மாதா மாதம் பணம் வரும், நீங்கள் இருக்கும்வரை வெளியேற வேண்டியதில்லை. பூர்வீக வீட்டுக்கு இது பொதுவாகக் கிடைக்காது. பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன், மாடியை மட்டும் ஒத்திக்கு விடுவது, பின்பக்கக் காலி மனையை மட்டும் விற்பது, இவையெல்லாம் கௌரவக் குறைச்சல் என்று சித்தப்பா ஒதுக்கியவை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை உடனே எடுத்துப் பாருங்கள், வீடு இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறதா, கைமாறிவிட்டதா, அடமானத்தில் இருக்கிறதா என்று தெரியும். அதை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுப்பதை இன்றோடு நிறுத்தி வங்கி வழியாக அனுப்புங்கள். வட்டி, அசல், திருப்பித் தருவது பற்றி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். கந்துவட்டி என்றால் அதற்கு 2003-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசச் சட்ட உதவி. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். அப்புறம், 11 மாதம் முடிந்தது என்று சொல்லி இரண்டாவது வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால், வக்கீல் படித்துப் பார்க்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். சித்தப்பா தொட்டார், அதில் "முந்தைய பேச்சுகள் எதுவும் செல்லாது" என்று நாலாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது.